இணைய வேரில் ஏறிய முதல் தமிழ்ச் சொல்

(நீண்ட பதிவு. மொழியியல், தமிழியல், வரலாறு பயிலும் நண்பர்கள் பொறுமையுடன் வாசிக்க வேண்டுகிறேன்.)

2007ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில் இணையத்தின் வேர்க் கோப்பில் பதினொரு புதிய பெயர்கள் சேர்க்கப்பட்டன. ‘.காம்’, ‘.ஆர்க்’ போன்று முகவரியின் இறுதியில் வரும் பெயர்களுக்கெல்லாம் மூலப் பதிவேடாக விளங்குவது அந்தக் கோப்பு. சேர்க்கப்பட்ட பதினொன்றில் ஒன்று தமிழ்ச் சொல். அதற்கு முன் தமிழெழுத்தில் அமைந்த எந்தப் பெயரும் அதில் இடம்பெற்றதில்லை. அந்தச் சொல் ‘பரிட்சை’.

எழுத்துப் பிழை என்று கருதிவிட வேண்டாம். கோப்பில் ஏறியது அப்படித்தான். அகராதிகளும் பாடநூல்களும் ‘பரீட்சை’ என்று நெடிலிட்டு எழுதும் சொல் அங்கே குறிலோடு நின்றது. பள்ளி மாணவர் ஒருவர் இவ்வாறு எழுதியிருந்தால் ஆசிரியர் சிவப்பு மையால் சுழித்து மதிப்பெண்ணைக் குறைத்திருப்பார்.

எவரையும் எள்ளுவதற்காக இதை நினைவுகூரவில்லை. புதிய இணையப் பெயர் நீட்சி ஒன்று எவ்வாறு பிறக்கிறது, எந்தப் படிகளைக் கடந்து பொதுமக்கள் பதிவுக்குத் திறக்கப்படுகிறது என்பதன் வரலாற்றை ஒரு மொழி மாணவன் என்ற நிலையிலிருந்து எழுத முனைகிறேன். பொறியியல், வணிகம், சட்டம் ஆகிய மூன்று துறையினர் இவ்வரலாற்றை எழுதியிருக்கிறார்கள். ஆனால் இதன் ஒவ்வொரு படியிலும் மொழி பற்றிய முடிவொன்று எடுக்கப்பட்டிருக்கிறது என்பதும், அம்முடிவுகள் எடுக்கப்படும்போது மொழியறிஞர்கள் பெரும்பாலும் அந்த இடத்தில் இருப்பதில்லை என்பதும் போதிய அளவு பேசப்படவில்லை.

தொடக்கத்திலிருந்து வருவோம். பால் மோக்கபெட்ரிஸ் 1983இல் ஆள்களப் பெயர் முறையை வகுத்தார். 1984 அக்டோபரில் ஜான் போஸ்டலும் ஜாய்ஸ் ரெனால்ட்ஸும் எழுதிய ஆர்.எஃப்.சி. 920 என்னும் ஆவணம் ‘.காம்’, ‘.எடு’, ‘.கவ்’, ‘.மில்’, ‘.ஆர்க்’ ஆகிய பொதுப்பிரிவுகளை அறிவித்தது. நாடுகளுக்கு இரண்டெழுத்துக் குறிகள் தரப்படும் என்றும் அதில் சொல்லப்பட்டது. ‘.காம்’ பிரிவின் முதற்பெயர் 1985 மார்ச் 15 அன்று பதிவாயிற்று. அக்காலத்தில் ‘திறப்பு விழா’ என்று எதுவும் இல்லை. வேண்டியவர் எழுதிக் கேட்டார்; உரியவர் பதிந்து கொடுத்தார்.

1994இல் போஸ்டல் எழுதிய ஆர்.எஃப்.சி. 1591 ஒரு நுட்பமான ஒதுங்கலைச் செய்தது. எது நாடு, எது நாடு அன்று என்று தீர்மானிப்பது தம் வேலையன்று. அதற்கென ஒழுங்குமுறை கொண்ட ஐ.எஸ்.ஓ. 3166 பட்டியலையே பின்பற்றுகிறோம் என்பது அதன் சாரம். அரசியல் தகராறுகளிலிருந்து பொறியாளர்களைக் காத்த அறிவார்ந்த முடிவு அது. ஆயினும் அந்தப் பட்டியலின் குறிகள் அனைத்தும் இலத்தீன் எழுத்தில் இருந்தன. இந்தியாவுக்கு ‘.இன்’, இலங்கைக்கு ‘.எல்கே’, சிங்கப்பூருக்கு ‘.எஸ்ஜி’ எனத் தமிழ் வழங்கும் நாடுகளெல்லாம் இலத்தீன் எழுத்து வழியாகவே இணையத்துள் நுழைந்தன. முகவரியில் இடம்பெறத்தக்கவை இலத்தீனின் இருபத்தாறு எழுத்துகள், பத்து எண்கள், ஒரு சிறுகோடு ஆகிய 37 குறிகளே.

பெயர்களைக் காலகட்டங்களாகப் பிரித்துத் திறக்கும் முறை 2000க்குப் பிறகு வந்தது. 1998இல் தோன்றிய ஐகான் நிறுவனம் 2000 நவம்பரில் ‘.இன்ஃபோ’, ‘.பிஸ்’, ‘.நேம்’, ‘.ப்ரோ’, ‘.ஏரோ’, ‘.கூப்’, ‘.மியூசியம்’ என ஏழு புதிய நீட்சிகளைத் தேர்ந்தெடுத்தது. அதற்குள் ‘.காம்’ பெயர்கள் பெரும்பொருள் ஈட்டும் சொத்தாகிவிட்டிருந்தன. பிறர் தம் வணிகப் பெயரை முந்திக்கொண்டு பதிந்துவிடுவர் என்ற அச்சம் வணிகச்சின்ன உரிமையாளர்களிடம் இருந்தது. அவர்களுக்கு முன்னுரிமை தரும் பொருட்டு 2001இல் ‘.இன்ஃபோ’ திறக்கப்பட்டபோது ‘சன்ரைஸ்’ என்னும் முதற்கட்டம் வகுக்கப்பட்டது. பொழுது புலர்வதற்குள் உரிமையாளர் தம் பொருளை எடுத்துக்கொள்ளலாம். விடிந்தபின் மற்றவர் வரலாம் என்பது உட்கிடை.

அந்த முதல் விடியலே குழப்பத்தில் முடிந்தது. விண்ணப்பதாரர் தந்த வணிகச்சின்ன விவரங்கள் சரிபார்க்கப்படாமல் ஏற்கப்பட்டன. இல்லாத சின்னங்களின் பேரில் பொய்யான தேதிகளையும் எண்களையும் இட்டுப் பலர் பொதுச்சொற்களைக் கைப்பற்றினர். நீட்சியை நடத்திய அஃபிலியாஸ் நிறுவனமே பின்னர் ஆயிரக்கணக்கான பதிவுகளை எதிர்த்து முறையிட வேண்டியதாயிற்று. ‘.பிஸ்’ நீட்சியிலோ ஒரே பெயருக்குப் பலர் போட்டியிட்டால் குலுக்கல் முறையில் தருவதாகத் திட்டம். ஒவ்வொரு விண்ணப்பத்துக்கும் கட்டணம் பெறப்பட்டதால் இது சட்டவிரோதப் பரிசுச்சீட்டு என்று கலிபோர்னியாவில் வழக்கு வந்தது. போட்டியுள்ள பெயர்களுக்கான குலுக்கல் கைவிடப்பட்டது.

இந்தியாவும் இம்முறையையே பின்பற்றியது. மும்பையில் இருந்த அரசு மென்பொருள் ஆய்வு மையத்தின் பொறுப்பில் இருந்தவரை ‘.இன்’ பதிவுகள் சுமார் 7,000ஐத் தாண்டவில்லை. கட்டுப்பாடுகள் அத்தனை கடுமை. 2003இல் நிக்ஸி நிறுவப்பட்டது. 2005 ஜனவரி 1 முதல் 21 வரை வணிகச்சின்ன உரிமையாளர்களுக்கான விடியல் காலம். பிப்ரவரி 16 முதல் பொதுத்திறப்பு. அதன்பின் பதிவுகள் இலட்சக்கணக்கில் பெருகின.

விடியல் காலத்துக்கும் பொதுத்திறப்புக்கும் நடுவே பல நீட்சிகளில் ‘லேண்ட்ரஷ்’ என்று ஒரு கட்டம் உண்டு. கூடுதல் கட்டணம் செலுத்துவோர் நல்ல பெயர்களை முன்கூட்டியே எடுத்துக்கொள்ளும் காலம் அது. இச்சொல் எங்கிருந்து வந்தது என்பதைக் கவனிக்க வேண்டும். 1889 ஏப்ரல் 22 நண்பகலில் அமெரிக்காவின் ஒக்லஹோமா நிலப்பகுதி குடியேறிகளுக்குத் திறந்துவிடப்பட்டது. துப்பாக்கி வெடித்ததும் ஆயிரக்கணக்கானோர் குதிரையிலும் வண்டியிலும் பாய்ந்து சென்று நிலத்தை வளைத்தனர். அந்த நிலம் முன்பு மஸ்கோகி, செமினோல் பழங்குடியினரிடமிருந்து பெறப்பட்டது. நேரத்துக்கு முன்பே ஒளிந்து நுழைந்தவர்களை ‘சூனர்கள்’ என்று இகழ்ந்தனர். இணையத்தின் நிலவேட்டையிலும் முன்கூட்டி நுழைவோர் உண்டு. ஆனால் அவர்களுக்கு விதிமுறையே வழிவிட்டிருக்கிறது. ஒரு துறை தன் செயலுக்கு எந்த உவமையைத் தேர்கிறது என்பது அத்துறை தன் பொருளை எவ்வாறு காண்கிறது என்பதைக் காட்டும். இங்கே சொற்கள் யாருக்கும் உரிமையில்லாத காலிமனைகளாகக் காணப்படுகின்றன. பேசுவோர் ஏற்கெனவே அவற்றில் குடியிருக்கிறார்கள் என்ற எண்ணம் இந்த உவமையில் இல்லை.

இதை நிறுவ ஒரு வழக்கு போதும். 2005 டிசம்பரில் ‘.இயூ’ நீட்சியின் விடியல் காலம் தொடங்கியது. ஆஸ்திரிய நிறுவனம் ஒன்று அதற்கு முன்பே சுவீடனில் முப்பத்து மூன்று ஜெர்மன் பொதுச்சொற்களை வணிகச்சின்னங்களாகப் பதிந்து வைத்திருந்தது. அவற்றுள் ஒன்று ‘ரைஃபன்’. ஜெர்மனில் வண்டிச்சக்கரத்தின் டயர் என்று பொருள். ஒவ்வோர் எழுத்துக்கும் இடையே ‘அண்ட்’ குறியைச் செருகிச் சின்னம் பதியப்பட்டது. பொதுச்சொல் என்ற தடை இவ்வாறு தவிர்க்கப்பட்டது. பதிந்த பொருளோ டயர் அன்று, பாதுகாப்புப் பட்டை. சிறப்புக் குறிகள் இருந்தால் அவற்றை நீக்கிவிட்டுப் பெயரைப் பதியலாம் என்று ‘.இயூ’ விதி அனுமதித்தது. குறிகள் உதிர்ந்தன, டயர் என்ற பொதுச்சொல் அந்நிறுவனத்தின் கைக்கு வந்தது. வழக்கு ஐரோப்பிய நீதிமன்றம்வரை சென்றது. 2010 ஜூன் 3 அன்று வந்த தீர்ப்பு, இத்தகைய பதிவு தீய நோக்குடையதாகக் கருதப்படலாம் என்று விளக்கியது. ஆனால் ஒரு மொழியின் அன்றாடச் சொல்லை விடிவதற்கு முன் எடுத்துச்செல்வது எத்தனை எளிது என்பதை அவ்வழக்கு காட்டிவிட்டது.

இப்போது தமிழெழுத்துக்கு வருவோம். இலத்தீன் அல்லாத எழுத்துகளில் ஆள்களப் பெயர் அமைக்கலாம் என்ற முன்மொழிவை 1996இல் மார்ட்டின் டூர்ஸ்ட் வைத்தார். 1998இல் சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில் டான் டின் வீ தலைமையிலான குழு அதைச் செயல்படுத்திக் காட்டியது. சிங்கப்பூர் இதில் முன்னின்றதற்குத் தமிழோடும் தொடர்புண்டு. அதே சூழலில்தான் நா. கோவிந்தசாமி கணினித் தமிழுக்காக உழைத்தார். 1997இல் முதலாவது தமிழ் இணைய மாநாடு அங்கே நடந்தது. நான்கு மொழிகளை ஆட்சிமொழியாகக் கொண்ட நாட்டில் எழுத்துச் சிக்கல் அன்றாட நிர்வாகச் சிக்கலாகவும் இருந்தது.

2003 மார்ச்சில் இதற்கான தொழில்நுட்ப விதிகள் வெளிவந்தன. பழைய 37 குறிகளைத் தாண்டாமலே பிற எழுத்துகளைச் சுமந்து செல்லும் உத்தி அது. நாம் உலாவியில் தமிழில் இடும் பெயர் உள்ளுக்குள் இலத்தீன் குறிகளின் வரிசையாக மாற்றப்படுகிறது. எடுத்துக்காட்டாக, ‘இந்தியா’ என்பது தமிழிலக்கணப்படி நான்கெழுத்து. யூனிகோடு கணக்கில் ஏழு குறியீடுகள். மெய்யின் புள்ளியும் உயிர்மெய்க் குறிகளும் தனித்தனியே எண்ணப்படும். வேர்க் கோப்பில் அது பதினேழு குறிகள் கொண்ட, எவராலும் வாய்விட்டுப் படிக்க இயலாத ஒரு தொடர். தொல்காப்பியர் எழுத்து என்றது வேறு, கணினி எழுத்து என்பது வேறு என்ற உண்மை இந்த மூன்று எண்ணிக்கைகளிலும் அடங்கியிருக்கிறது.

இவ்விதிகள் வேர்மட்டத்தில் பழுதின்றி இயங்குகின்றனவா என்று பார்க்கவே 2007இன் சோதனை நடந்தது. அரபு, பாரசீகம், இருவகைச் சீன எழுத்து, ரஷ்யன், இந்தி, கிரேக்கம், கொரியன், இத்திஷ், ஜப்பானியம், தமிழ் ஆகியவற்றில் ‘சோதனை’ என்னும் பொருள் தரும் சொல் நீட்சியாக ஏற்றப்பட்டது. தமிழில் பயனர்கள் சென்று பார்க்க வேண்டிய முகவரி ‘உதாரணம்.பரிட்சை’.

அந்தப் பதினொரு சொற்களையும் ஒரு சொற்பட்டியலாகக் கருதி ஆராய்ந்தால் சுவையான செய்திகள் கிடைக்கின்றன. ஜப்பானியம், கொரியன், இத்திஷ் மூன்றும் ஆங்கிலத்தின் ‘டெஸ்ட்’ என்பதையே தத்தம் எழுத்தில் எழுதிக்கொண்டன. இந்தி நெடில் ஈகாரத்தோடு ‘பரீக்ஷா’ என்று திருத்தமாக எழுதியது. அரபுச் சொல்லின் முதல் அலிஃபுக்குக் கீழே ஹம்ஸா இடப்பட்டிருந்தது. அவ்வகைத் தொழிற்பெயருக்கு ஹம்ஸா வாராது என்பது அரபு இலக்கண விதி. ஆக, தமிழும் அரபும் நெடிய இலக்கண மரபுடைய மொழிகளாக இருந்தும் பிழையோடு வேரேறின. தமிழில் இன்னொன்றும் உண்டு. ஒரு கருவி இயங்குகிறதா என்று பார்ப்பதை நாம் ‘சோதனை’ என்போம்; ‘பரீட்சை’ மாணவர் எழுதுவது. தமிழ்நாட்டில் அதற்கும் ‘தேர்வு’ என்பதே இன்று பெருவழக்கு. இலங்கையில் ‘பரீட்சை’ என்பதே வழக்கு. சொல்லின் பொருட்களம், வட்டார வழக்கு, எழுத்துக்கூட்டு என மூன்று கேள்விகள் அந்த ஒரு சொல்லில் புதைந்திருந்தன.

சோதனை வெற்றி பெற்றது. 2009 நவம்பரில் நாடுகளுக்கான விரைவுத் திட்டத்தை ஐகான் தொடங்கியது. ஒரு நாடு தன் பெயரைத் தன் ஆட்சிமொழியில், இலத்தீன் அல்லாத எழுத்தில் கேட்கலாம். அச்சொல் நாட்டின் பெயரைப் பொருளுடன் குறிக்க வேண்டும். அரசின் இசைவு வேண்டும். இருக்கும் வேறு பெயரோடு தோற்றத்தில் மயங்கக் கூடாது. 2010 மே மாதத்தில் எகிப்து, சவூதி அரேபியா, ஐக்கிய அரபு அமீரகம், ரஷ்யா ஆகியவற்றின் பெயர்கள் வேரேறின. தோற்ற மயக்க விதியால் பல்கேரியா இடருற்றது. அது சிரில்லிக்கில் கேட்ட ஈரெழுத்துப் பெயர் பிரேசிலின் இலத்தீன் குறியை ஒத்திருக்கிறது என்று 2010இல் மறுக்கப்பட்டது; மறுபரிசீலனையில் ஏற்கப்பட 2014 ஆயிற்று. ஒரு நாடு தன் எழுத்தில் தன் பெயரை எழுத, இன்னொரு நாட்டின் பெயர் இன்னோர் எழுத்தில் எப்படித் தோன்றுகிறது என்பது தடையாயிற்று.

தமிழில் முதல் நாட்டுப்பெயராக வேரேறியது ‘.இலங்கை’, சிங்களத்தின் ‘.லங்கா’வும் அதனுடன் 2010இல் ஏறியது. 1987இன் பதின்மூன்றாம் திருத்தம் தமிழையும் ஆட்சிமொழியாக்கியதன் ஒரு சிறு விளைவு இது. இரு பெயரிலும் ‘ஸ்ரீ’ இல்லை என்பது நோக்கத்தக்கது. தமிழில் அவ்வெழுத்தைப் பழைய ஸகரத்தைக் கொண்டும் எழுதலாம். 2005இல் யூனிகோடில் சேர்க்கப்பட்ட இன்னொரு கிரந்த எழுத்தைக் கொண்டும் எழுதலாம். இரண்டும் திரையில் ஒன்றுபோல் தோன்றும். கணினிக்கு வெவ்வேறு பெயர்கள். ‘இலங்கை’ என்னும் பழந்தமிழ் வடிவத்துக்கு அத்தகைய சிக்கல் ஏதுமில்லை. 2011இல் ‘.சிங்கப்பூர்’ வந்தது.

இந்தியாவுக்கு அதே 2011இல் ஏழு எழுத்துகளில் பெயர் கிடைத்தது. தேவநாகரி, வங்காளம், குஜராத்தி, குர்முகி, தெலுங்கு, உருது ஆகிய ஆறிலும் ‘பாரத்’. தமிழில் மட்டும் ‘இந்தியா’. நான் பயிலும் வடநாட்டுப் பல்கலைக்கழகத்தில் விடுதி நண்பர் ஒருவர் இப்பட்டியலைக் கண்டு, “உங்களுக்கு மட்டும் ஏன் தனிப்பெயர்?” என்று கேட்டார். வினாவில் சிறு குத்தலும் இருந்தது. அரசமைப்புச் சட்டத்தின் முதற்கூறு இரு பெயர்களையும் கூறுகிறது என்பது சட்ட விடை. மொழி விடை வேறு. தமிழில் ‘பாரதம்’ என்றால் நாட்டுக்கு முன்பாக இதிகாசமே நினைவுக்கு வரும். ஊர்க்கோயில்களில் ‘பாரதம் படிக்கிறார்கள்’ என்பது இன்றும் வழக்கு. நாட்டைப் ‘பாரத நாடு’ என்று பாடிய சுப்பிரமணிய பாரதியே 1906இல் சென்னையில் ஆசிரியராக இருந்து நடத்திய வார இதழின் பெயர் ‘இந்தியா’. ஒருவருடைய எழுத்திலேயே இரண்டும் வாழ்ந்தன. பேச்சிலும் செய்தித்தாளிலும் எது நிலைத்தது என்பதையே அந்த நீட்சி பதிவு செய்திருக்கிறது. இதில் பிரிவினையும் இல்லை, பெருமையும் இல்லை. வழக்கு நோக்கி எடுத்த முடிவு என்பதே நண்பருக்கு நான் சொன்ன விடை.

பெயர் வேரேறுவது ஒன்று. பதிவுக்குத் திறப்பது இன்னொன்று. தேவநாகரியின் ‘.பாரத்’ 2014 ஆகஸ்ட் 27 அன்றுதான் புதுதில்லியில் அமைச்சர் ரவிசங்கர் பிரசாத்தால் தொடங்கிவைக்கப்பட்டது. இந்தி, மராத்தி, கொங்கணி, நேபாளி உள்ளிட்ட எட்டு மொழிகளுக்கு அது ஒன்றே. பிற எழுத்துகள் பின்னர் வந்தன. கன்னடம், மலையாளம், ஒடியா முதலியனவும் சேர்ந்து இன்று இந்தியாவின் பெயர் பதினைந்து வடிவங்களில் வேரில் இருக்கிறது. மலையாளம் ‘பாரதம்’ என்று மகரவீறோடு எழுதியது. வங்காளமும் அஸ்ஸாமியமும் ஒரே எழுத்து மரபைப் பகிர்பவை. ரகரத்தின் வடிவம் மட்டும் வேறு. அந்த ஒரே ரகர வேறுபாட்டுக்காக அஸ்ஸாமியத்துக்குத் தனிப்பெயர் தரப்பட்டது. எழுத்தின் ஒரு கோடு எவ்வளவு பெரிய அடையாளம் என்பதை அறிந்தோர் இம்முடிவை வியக்கமாட்டார்கள்.

நாடுகளின் கதை இவ்வாறிருக்க, 2012இல் எவரும் எந்தச் சொல்லையும் நீட்சியாகக் கேட்கலாம் என்று ஐகான் வாயிலைத் திறந்தது. விண்ணப்பக் கட்டணம் 185,000 டாலர். மொத்தம் 1,930 விண்ணப்பங்கள் வந்தன. வட அமெரிக்காவிலிருந்து 911, ஐரோப்பாவிலிருந்து 675, ஆசிய பசிபிக் பகுதியிலிருந்து 303, இலத்தீன் அமெரிக்காவிலிருந்து 24, ஆப்பிரிக்காக் கண்டம் முழுவதிலிருந்தும் 17. வசதி குறைந்தோருக்கென வகுத்த கட்டண உதவித் திட்டத்தை நாடியவர் மூவர், பெற்றவர் ஒருவர். இலத்தீன் அல்லாத எழுத்துக்கான விண்ணப்பங்கள் 116. அவற்றுக்குப் பரிசீலனை வரிசையில் முன்னுரிமை தரப்பட்டதால் 2013 அக்டோபரில் முதலில் வேரேறிய நான்கும் அரபு, ரஷ்யன், சீனச் சொற்களாக இருந்தன. ரஷ்யன் இரண்டும் ‘ஆன்லைன்’, ‘சைட்’ என்னும் ஆங்கிலச் சொற்களே. எழுத்து மாறியது, சொல் மாறவில்லை. தேவநாகரியில் ‘காம்’, ‘நெட்’ ஆகியனவும், அமைப்பு என்று பொருள்படும் இந்திச் சொல்லும் பின்னர் வந்தன. தமிழெழுத்தில் இன்றுவரை வேரில் இருப்பவை அந்த மூன்று நாட்டுப்பெயர்கள் மட்டுமே. கல்வி, நூல், இசை, ஊர் என்று பொதுச்சொல் ஒன்றுகூட நமக்கு நீட்சியாக இல்லை.

2012 சுற்றில் விடியல் விதிகள் செம்மையாயின. வணிகச்சின்னங்களைச் சரிபார்த்து வைக்கும் நடுவண் பதிவகம் 2013இல் திறக்கப்பட்டது. ஒவ்வொரு நீட்சியும் குறைந்தது முப்பது நாள் விடியல் காலம் வழங்க வேண்டும். பொதுத்திறப்புக்குப்பின் தொண்ணூறு நாள்வரை, ஒருவர் கேட்கும் பெயர் பதிந்த சின்னத்தோடு ஒத்திருந்தால் அவருக்கு எச்சரிக்கை காட்ட வேண்டும். பழைய பொய்ப்பதிவுகள் இதனால் பெரிதும் தடைப்பட்டன. ஆனால் இந்த ஏற்பாடு முழுவதும் ஓர் அனுமானத்தின் மேல் நிற்கிறது: ஒரு சொல்லுக்கு ஓர் எழுத்துக்கூட்டு. சின்னமும் பெயரும் எழுத்துக்கு எழுத்து ஒத்திருந்தால்தான் பொருத்தம்.

ஆங்கில வணிகப் பெயருக்கு இது பெரும்பாலும் போதும். தமிழுக்குப் போதாது. ‘கோயில்’ என்றும் எழுதுவோம், ‘கோவில்’ என்றும் எழுதுவோம்; யகர உடம்படுமெய்யும் வகர உடம்படுமெய்யும் இரண்டுமே வழக்கில் உள்ளவை. ‘கறுப்பு’, ‘கருப்பு’ இரண்டும் உண்டு. ‘இயக்குநர்’, ‘இயக்குனர்’ பற்றிய வாதம் இன்னும் ஓயவில்லை. ஆள்களப் பெயரில் இடைவெளி விட இயலாது. ஆகவே இரு சொற்கள் சேரும்போது புணர்ச்சி எழுகிறது. ‘தமிழ்க்கல்வி’ என்று ஒற்று மிகுத்துப் பதிபவர் ஒருவர்; ‘தமிழ்கல்வி’ என்று விட்டுப் பதிபவர் இன்னொருவர். இலக்கணம் படித்தவர் முதலாவதைத் தேடுவார். விரைவில் தட்டச்சு செய்பவர் இரண்டாவதில் போய் நிற்பார். ஆங்கிலத்தில் ஒரு மனை என்றால் தமிழில் அதே மனைக்கு இரண்டு பட்டா. விடியல் காலம் ஒன்றைக் காக்கும். மற்றொன்று நிலவேட்டைக்குப் போகும்.

இச்சிக்கலின் ஒரு பகுதி கவனிக்கப்பட்டிருக்கிறது. பிராமி வழிவந்த இந்திய எழுத்துகளுக்கென அமைந்த குழு, வேர்மட்டத்தில் தமிழெழுத்து எவ்வாறு வரலாம் என்ற விதித்தொகுப்பை 2019இல் அளித்தது. எந்தக் குறியீடு அனுமதிக்கத்தக்கது, எதன்பின் எது வரலாம், எவை தோற்றத்தில் ஒன்றுபோல் இருப்பதால் ஒரே பெயரின் மாற்றுருக்களாகக் கொள்ளப்பட வேண்டும் என்பன அதன் பொருள். ‘ஸ்ரீ’யின் இரு குறியீட்டு வடிவங்கள், ஔகாரமும் ‘ஒள’ என்னும் ஈரெழுத்து வரிசையும் போன்றவை இவ்வகையில் எழுபவை. பயனுள்ள பணி. ஆனால் அது கண்ணுக்குத் தெரியும் மயக்கத்தை ஆள்கிறது. எழுத்துக்கூட்டு மாற்றத்தையும் புணர்ச்சியையும் அன்று. ‘பரிட்சை’, ‘பரீட்சை’ இரண்டும் அந்த விதிகளின்படி குற்றமற்ற பெயர்கள்.

அடுத்த சுற்றுக்கான விண்ணப்ப வாயில் 2026 ஏப்ரல் 30 அன்று தொடங்கும் என ஐகான் அறிவித்தது. கட்டணம் 227,000 டாலர். இம்முறை கேட்கப்படும் பெயர் எழுத்து விதித்தொகுப்புக்கு உட்பட்டே ஆகவேண்டும். மாற்றுருக்களை ஒருவரே பெறவும் வழியுண்டு. தமிழில் எவரேனும் ஒரு பொதுச்சொல்லைக் கேட்கக்கூடும். அப்போது எழும் வினாக்கள் பொறியாளருக்குரியவை மட்டுமல்ல. அச்சொல் சென்னையிலும் யாழ்ப்பாணத்திலும் கோலாலம்பூரிலும் ஒரே பொருளில் வழங்குகிறதா? எந்த எழுத்துக்கூட்டு? அதன்கீழ்ப் பதியப்படும் பெயர்களில் ஒற்று மிகுந்த வடிவத்தையும் மிகாத வடிவத்தையும் ஒருவருக்கே தருவார்களா? பொதுச்சொற்களுள் எவற்றைத் திறப்புக்கு முன் ஒதுக்கிவைக்க வேண்டும்? நீட்சியை நடத்துவோர் திறப்புக்கு முன்பே விடை சொல்லியாக வேண்டிய கேள்விகள் இவை. திறந்தபின் திருத்துவது பதிந்தவரின் சொத்தில் கைவைப்பதாகிவிடும்.

சென்ற ஆண்டு கருத்தரங்கு ஒன்றின் பதிவுப் படிவத்தில் தமிழெழுத்து முகவரி ஒன்றை இட்டேன். ‘செல்லாத முகவரி’ என்று சிவப்பில் வந்தது. மொழித்தொழில்நுட்பம் பற்றிய கருத்தரங்கு அது. தமிழ் முகவரிகளை ஏற்காத படிவங்கள் இன்னும் பல. அதனால் அவற்றைப் பதிவோர் குறைவு. பதிவோர் குறைவதால் படிவத்தைத் திருத்துவோரும் குறைவு. இச்சுழலை நினைத்து இதெல்லாம் யாருக்கு வேண்டும் என்று கேட்கும் நண்பர்கள் உண்டு. இலத்தீன் எழுத்து அறியாத ஒருவர் தம் ஊராட்சியின் தளத்தையோ மருத்துவமனையின் தளத்தையோ கேட்ட பெயரை அப்படியே எழுதி அடைய முடிவது சிறிய செய்தியன்று என்பதே என் விடை. அவர் கேட்ட பெயரை எப்படி எழுதுவார் என்று அறிந்தவர்கள் மொழி படித்தவர்கள்.

தமிழியல் துறைகளில் ஆய்வுத் தலைப்புத் தேடும் மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஐகானின் எழுத்து விதிகள், நிக்ஸியின் பதிவுக் கொள்கைகள் ஆகியவை பொதுவெளியில் இருப்பவை. ஐகான் தன் வரைவுகளைக் கருத்துக் கேட்புக்கு வைக்கிறது, எவரும் எழுதலாம். தமிழின் எழுத்துக்கூட்டு மாற்றங்கள் ஆள்களப் பெயர்களில் எவ்வாறு மோதுகின்றன என்பதைத் தரவுகளோடு எவரேனும் ஆராய்ந்தால் அது முனைவர் பட்டத்துக்கும் உதவும், மொழிக்கும் உதவும்.

‘பரிட்சை’ 2013இல் வேரிலிருந்து நீக்கப்பட்டது. சோதனை முடிந்தது, அவ்வளவே. பிழையைக் கண்டு நீக்கவில்லை. ஆறாண்டு அது அங்கே இருந்தது. பொறியாளருக்கு அது பழுதின்றி இயங்கிய ஒரு பெயர். தற்காலிகப் பெயராக இருந்ததால் குறிலும் நெடிலும் பற்றிய வினா எழாமலே போயிற்று. அடுத்து வரும் தமிழ்ப்பெயர் தற்காலிகமானதாக இராது.

பிழைகளிருப்பின் சுட்டுங்கள், திருத்திக்கொள்கிறேன்.